குழப்படி

கிரான்போர்ன் கிழக்கில் அது ஒரு சாதாரண வீடு.
புல் வெட்டியிருக்கும். தபால்பெட்டியில் பெயர் இராது.
உள்ளே கத்திகளுக்கு ஒரு பூட்டு,
மாத்திரைகளுக்கு ஒரு பூட்டு,
நான் இருக்கும் அறைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும்.
நாலு பிள்ளைகள், நாலு கோப்புகள்.
இரவு வேலைக்கு நான்.

ப்ரோடிக்குப் பதினாலு வயது.
ஞாயிறு மூன்று மணிக்கு அம்மா வருவதாக இருந்தது.
இரண்டரைக்கே தலையை நனைத்து வாரிவிட்டான் என்று
பகல் வேலைக்காரன் லோட்டு சொல்லிவிட்டுப் போனான்.
நான் போனபோது மணி ஆறு.
வாரிய தலை கலையாமல் ஜன்னலோரம் இருந்தான்.

எட்டரைக்கு மைக்ரோவேவின் கதவு
அவன் கையோடு வந்தது.
எறிந்தான். சுவரும் கொஞ்சம் உதிர்ந்தது.
பிறகு, வேறு யாரோ எறிந்ததைப் போல,
அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதே கிழமைதான்
என் வீட்டில் துவாரகன் தங்கையோடு சண்டை பிடித்து
மட்டையால் டிவியை உடைத்தான்.
தெருவுக்குக் கேட்கக் கத்தினேன்.
அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டவன்
பத்து மணிக்கு வந்து, ஒருவர் முகமும் பாராமல்,
புட்டுக்குள் கறியை விட்டுக் குழைத்துச் சாப்பிட்டான்.
அதற்கு இலக்கம் இல்லை.

இதற்கு இருக்கிறது.
சொத்துச் சேதமென்றால் பொலிசுக்கு எடுக்க வேண்டும்.
காப்புறுதிக்காரன் கேட்பான்.
படிவத்தில் 'நிகழ்வின் வகை' என்றொரு பெட்டி,
அமத்தினால் சொற்கள் இறங்கும்:
தாக்குதல், மிரட்டல், சேதம், தப்பியோட்டம்.

குழப்படி என்றொரு சொல் எங்களிடம் உண்டு.
அதற்குள் உடைத்ததும் அடங்கும், ஏச்சும் அடங்கும்,
அடுத்த நாள் காலைத் தேத்தண்ணியும் அடங்கும்.
எவ்வளவு உருட்டியும் அது இறங்கவில்லை.
சேதத்தை அமத்தினேன்.
கீழே என் பெயர்.

வந்த இரண்டு பொலிசாரில் ஒருவருக்கு
நடைபாதை லைட்டின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருந்தது.
ப்ரோடி, யாரும் சொல்லாமலே, சப்பாத்தைப் போட்டான்.
நாடாக்களை உருவி மேசையில் வைத்தான்.
அங்கே எப்படியும் உருவுவார்கள்.

நீதிமன்றத்தில் அவனுக்குப் பக்கத்தில்
ஒரு கதிரை, பெற்றாருக்கு.
கடிதப்படி அரசாங்கம்தான் பெற்றார்.
அரசாங்கத்துக்காக நான் இருந்தேன்.
முறைப்பாட்டிலும் என் கையெழுத்து.

மைக்ரோவேவ் என்ன விலை என்று கேட்டா நீதிபதி.
எண்பத்தொன்பது டொலர், கேமார்ட்டில்.
எழுதிக்கொண்டா.
இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை
வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது என்றா.
"எந்த வீடு?" என்றான்.
எகத்தாளம் என்று நினைத்தார்கள்.
அடுத்த மாதம் அவனை வேறிடத்துக்கு மாற்றுவதாகப் பேச்சு,
அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
நான் வாய் திறக்கவில்லை.

திரும்பிவரும்போது காரில்
ரேடியோவைத் தானே மாற்றி மாற்றிப் போட்டான்.
ஒரு பாட்டும் பிடிக்கவில்லை.

இன்றைக்கு, இரண்டு மணி பத்து.
காலுறையோடு நடந்து வந்து
கண்ணாடியில் ஒரு விரலால் தட்டுகிறான்.
பசி.
புது மைக்ரோவேவின் முதுகில்
சொத்து எண் ஒட்டியிருக்கிறது.
நூடில்சை வைத்து, இரண்டு நிமிடம் கொடுத்து,
முன்னால் குந்தியிருந்து
எண்கள் இறங்குவதைப் பார்க்கிறான்.
நானும் பார்க்கிறேன், அவனை.
அதுதான் வேலை.

மூன்று. இரண்டு.
ஒன்றில் கதவைத் திறந்துவிட்டான்.
மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள்
எழும்பிவிடுவார்களாம்.